ஏற்காட்டு ஏற்றமும் ஹப் மோட்டாரின் சூடும்

அக்கா மகன் ஏற்காடு மலைப்பாதையிலிருந்து பேசினான். "மாமா, பதினான்காவது வளைவில் வண்டி நின்றுவிட்டது. முறுக்கினால் உதறுகிறது, உருள மாட்டேன் என்கிறது." பின்னால் 30 கிலோ ரொட்டியும் பன்னும். சேலம் கோரிமேட்டில் இருக்கும் பேக்கரியிலிருந்து வாரத்தில் 3 நாள் மலைக்கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோவது அவன் வேலை. பெட்ரோல் வண்டியை விற்றுவிட்டு மின் ஸ்கூட்டர் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. நிழலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி முறுக்கிப் பார் என்றேன். அரை மணி கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி ஏறிவிட்டது.

சூடேறினால் கோளாறு, ஆறினால் சரி. 22 வருடமாகக் கிணற்று மோட்டாருக்கும் விசைத்தறி மோட்டாருக்கும் காயில் கட்டுகிறேன். இந்த மாதிரிக் கோளாறை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அன்று மாலையே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

"மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டேன். "பார்த்தேன் மாமா, கை தாங்குகிற சூடுதான்" என்றான். கிணற்று மோட்டாராக இருந்தால் அந்தப் பதில் போதும். அதில் காயில் சுற்றிய, சுழலாத பாகமான ஸ்டேட்டர் வெளிக்கூட்டோடு இறுக்கமாக ஒட்டி உட்கார்ந்திருக்கும். கூட்டின்மேல் விலா எலும்புபோலத் தகடுகள், பின்னால் விசிறி. செம்பில் பிறக்கும் சூடு இரும்புக்குப் போய், கூட்டுக்குப் போய், காற்றோடு கலந்துவிடும். கையை வைத்தால் உள்ளே நடப்பது ஓரளவு தெரியும்.

இந்த ஸ்கூட்டரில் இருப்பது ஹப் மோட்டார், அதாவது சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார். அதில் எல்லாம் தலைகீழ். காயில் சுற்றிய ஸ்டேட்டர் நடுவில், அச்சின்மேல் அசையாமல் இருக்கிறது. அதைச் சுற்றிக் காந்தம் பதித்த வளையம் சக்கரத்தோடு சேர்ந்து ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி, அதில் காற்று. இரண்டு பக்கமும் மூடி. சூடு பிறக்கும் இடம் நடுவில், காற்று படும் இடம் வெளியில். சூடு வெளியே வர இரண்டே வழிகள். ஒன்று, ஒல்லியான இரும்பு அச்சு. இன்னொன்று, அந்தக் காற்று இடைவெளி. காற்று சூட்டைக் கடத்தும் திறன் அலுமினியத்தின் திறனில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். தெர்மாஸ் ஃபிளாஸ்கில் காப்பியை ஊற்றிவிட்டு ஃபிளாஸ்கை வெளியே தொட்டுப் பார்ப்பதும் ஹப் மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பதும் ஒன்றுதான்.

ஆகவே கையை நம்பாமல் அளக்க முடிவு செய்தேன். எங்கள் தொழிலில் இதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. செம்பின் தடை சூட்டோடு ஒழுங்காக ஏறும். 20 டிகிரியில் இருப்பதைவிட 120 டிகிரியில் ஏறத்தாழ 39 சதவீதம் கூடுதல். காலையில் ஆறிய நிலையில் காயிலின் தடையை அளந்துகொள்ள வேண்டும். ஓடி முடித்தவுடன் மறுபடி அளக்க வேண்டும். காலையில் ஆறியிருந்தபோதைய வெப்பநிலையோடு 234.5 ஐக் கூட்டி, தடை எத்தனை மடங்கு ஆகியிருக்கிறதோ அதனால் பெருக்கி, பிறகு 234.5 ஐக் கழித்தால் காயிலின் சராசரிச் சூடு வந்துவிடும். காயிலே தெர்மாமீட்டராகிவிடுகிறது.

மில்லிஓம் மீட்டர் என்னிடம் இல்லை. 12 வோல்ட் பேட்டரியோடு ஒரு கார் ஹெட்லைட் பல்பைத் தொடரில் மாட்டி, மோட்டாரின் இரண்டு ஒயர்களுக்குள் மின்சாரத்தைச் செலுத்தினேன். பல்பு இருப்பதால் 4.5 ஆம்பியருக்கு மேல் போகாது. காயிலின் இரு முனைக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று இன்னொரு மீட்டரில் பார்த்தால் தடை கிடைத்துவிடும். பட்டறையில் 30 டிகிரியில் 0.468 வோல்ட் வந்தது. அதாவது 0.104 ஓம்.

அடுத்த நடைக்கு நானும் என் பைக்கில் பின்னாலேயே போனேன். பதின்மூன்றாவது வளைவைத் தாண்டியதும் ஸ்கூட்டர் உதற ஆரம்பித்தது. ஓரம் கட்டி, சீட்டைத் தூக்கி, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலரிலிருந்து மூன்று ஒயர்களையும் கழற்ற இரண்டு நிமிடம் பிடித்தது. மீட்டரில் 0.657 வோல்ட். தடை 0.146 ஓம். கணக்குப் போட்டால் 137 டிகிரி. கழற்றிய இரண்டு நிமிடத்தில் ஆறியதையும் சேர்த்தால் இன்னும் சில டிகிரி கூட இருந்திருக்கும். அதே நேரத்தில் அகச்சிவப்புத் தெர்மாமீட்டரைச் சக்கரத்தின் கூட்டில் காட்டினேன். 61 டிகிரி. உள்ளே 137, வெளியே 61. அவனைக் கூப்பிட்டு இரண்டு எண்களையும் காட்டினேன். நீண்ட நேரம் பேசாமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

137 டிகிரியில் காயில் உடனே கருகிவிடாது. எஃப் வகுப்பு இன்சுலேஷன் 155 டிகிரியையும், எச் வகுப்பு 180 டிகிரியையும் தாங்கும். ஆனால் இந்த மோட்டாரில் எந்த வகுப்பு போட்டிருக்கிறார்கள் என்று எங்கும் எழுதவில்லை. தவிர, நான் அளந்தது சராசரி. இரும்பில் காயில் உட்காரும் பள்ளமான ஸ்லாட்டின் நடுவில் புதைந்திருக்கும் கம்பி அதைவிடச் சூடாக இருக்கும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது காயில் கட்டுகிற எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. வாரம் மூன்று தடவை அந்தச் சூட்டுக்குப் போனால் எத்தனை நாள் தாங்கும்?

எனக்குக் காயிலைவிடக் காந்தத்தைப் பற்றித்தான் பயம். காயில் போனால் நானே கட்டிவிடுவேன். நியோடிமியம் காந்தம் வலுவிழந்தால் ஒன்றும் செய்ய முடியாது. சாதாரண ரகம் 80 டிகிரி வரை, எச் ரகம் 120, எஸ்.எச். ரகம் 150. அதற்கு மேல் சுட்டால் ஆறிய பிறகும் இழந்த வலு திரும்பாது. காந்தம் வலுவிழந்தால் அதே இழுவைக்குக் கூடுதல் ஆம்பியர் தேவைப்படும். கூடுதல் ஆம்பியர் கூடுதல் சூடு. அந்தச் சூடு காந்தத்தை இன்னும் கெடுக்கும். இதைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. சக்கரத்தை வெளியிலிருந்து நிமிடத்துக்கு 300 சுற்று வேகத்தில் சுழற்றி, மோட்டார் எவ்வளவு வோல்ட் உற்பத்தி செய்கிறது என்று பார்த்தேன். 21.8 வோல்ட். தெரிந்த மெக்கானிக்கிடம் அதே மாதிரி வண்டி, 2 மாதமே ஓடியது, நின்றிருந்தது. அதில் 22.1. வித்தியாசம் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. காந்தம் தப்பித்திருந்தது.

சக்கரத்தைக் கழற்றி மூடியைத் திறந்தேன். ஸ்டேட்டரை வெளியே எடுப்பது விளையாட்டல்ல. காந்த வளையம் அதைப் பிடித்த பிடி அவ்வளவு வலுவானது. புல்லர் போட்டு நிதானமாக நெம்ப வேண்டும். பாதியில் கை நடுவே இருந்தால் விரல் நசுங்கிவிடும். பக்கத்தில் பேரிங் எடுக்கும் வேலை நடந்தாலோ இரும்புத் தூள் பறந்தாலோ அத்தனையும் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அன்று பட்டறையைக் கூட்டித் துடைத்து, மேசையில் மரப்பலகை போட்ட பிறகுதான் கை வைத்தேன்.

ஸ்டேட்டர் வெளியே வந்தபோது கருகிய வார்னிஷின் நெடி அடித்தது. காயில்கள் முற்றிய வெல்லப்பாகின் நிறத்தில் இருந்தன. மூன்று ஃபேஸும், அதாவது மூன்று காயில் தொகுதிகளும், ஒரே நிறம். ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்த ஃபேஸில் ஷார்ட்டோ, எங்காவது இணைப்புக் கோளாறோ என்று தேட வேண்டும். மூன்றும் ஒன்றுபோல் பழுத்திருந்தால், மோட்டாருக்கு அதன் சக்திக்கு மீறிய வேலை நீண்ட நேரம் கிடைத்திருக்கிறது என்று பொருள்.

உதறலுக்குக் காரணம் ஹால் சென்சார். ஸ்டேட்டரின் ஓரத்தில் அரிசியைவிடச் சற்றே பெரிய மூன்று கறுப்புத் துண்டுகள். காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கன்ட்ரோலருக்குச் சொல்பவை அவைதான். ஒன்று பொய் சொன்னாலும் கன்ட்ரோலர் தவறான காயிலுக்கு மின்சாரம் தரும், வண்டி உதறும். 5 வோல்ட் கொடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறு காந்தத்தை ஆட்டிப் பார்த்தேன். மூன்றும் 0, 5 என்று சரியாக மாறின. பிறகு ஹீட் கன்னால் மெதுவாகச் சூடேற்றினேன். சூட்டை அளக்க, சூட்டுக்கு ஏற்பத் தடை மாறும் தெர்மிஸ்டர் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். 118 டிகிரியைத் தாண்டியதும் நடுச் சென்சார் 0 வோல்ட்டிலேயே நின்றுவிட்டது. காந்தத்தை எப்படி ஆட்டினாலும் அசையவில்லை. ஹீட் கன்னை அணைத்துச் சில நிமிடம் கழித்து மறுபடி உயிர் வந்தது. மலைப்பாதையில் மரத்தடியில் நடந்ததும் இதுதான். அந்தச் சென்சாரை ஒட்டியிருந்த பசையும் பொடிந்து, தன் பள்ளத்திலேயே அது ஆடிக்கொண்டிருந்தது.

ஒன்று போயிருந்தாலும் மூன்றையும் மாற்றிவிட வேண்டும். ஒரே சூட்டில் வெந்தவை மூன்றும். 150 டிகிரி தாங்கும் ரகத்தை வாங்கி, டெஃப்லான் ஒயரில் பற்றவைத்து, எபாக்சியால் ஒட்டினேன். உடனடிப் பசையை இங்கே பயன்படுத்தவே கூடாது; கொதிக்கும் நீர் அளவுச் சூட்டுக்கு முன்பே அது இளகிவிடும்.

ஆனால் சென்சாரை ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. ஸ்டேட்டரை என் உலர்த்தும் அடுப்பில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து ஈரத்தைப் போக்கி, எச் வகுப்பு வார்னிஷை ஸ்லாட் ஸ்லாட்டாக ஊற்றி, மறுபடி 4 மணி நேரம் சுட்டேன். வார்னிஷ் இன்சுலேஷனுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில், கம்பிக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கும் காற்றை வெளியேற்றி அந்த இடத்தை நிரப்புவது அதைவிடப் பெரிய வேலை. அங்கே காற்று இருந்தால் செம்பின் சூடு இரும்புக்கே போய்ச் சேராது. வார்னிஷ் ஊறும் வரை பொறுமையாக ஊற்றுகிறவர் கட்டிய மோட்டார் குளிர்ச்சியாக ஓடும். இதைக் கிணற்று மோட்டாரிலேயே நூறு தடவை பார்த்திருக்கிறேன். வார்னிஷ் காய்ந்த பிறகு, காயில் முனைகளுக்கு நடுவே ஒரு 10 கிலோஓம் தெர்மிஸ்டரைச் செருகி நூலால் கட்டினேன். அச்சின் துளை வழியாக வரும் ஒயர்க்கட்டில் ஓர் ஒயர் சும்மா இருந்தது. அதில் இதை இணைத்தேன். தெர்மிஸ்டரின் மறுமுனையைச் சென்சாரின் தரையிணைப்போடு சேர்த்தேன். 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும் இது 100 டிகிரியில் ஏறத்தாழ 700 ஓமுக்கு இறங்கிவிடும். ஹேண்டில்பாரில் ஒரு சிறிய டிஸ்ப்ளே வைத்ததும், வண்டி ஓடும்போதே உள்சூட்டைப் பார்க்க முடிந்தது.

இனி சூட்டுக்கு வழி அமைக்க வேண்டும். மூடியில் துளை போட்டுக் காற்றை உள்ளே விடலாம் என்று ஒரு மெக்கானிக் சொன்னார். சமவெளியில் கோடைகாலத்துக்கு அது வேலை செய்யும். ஏற்காட்டில் மழையும் பனிமூட்டமும் சேறும். ஸ்டேட்டரின் மெல்லிய இரும்புத் தகடுகள் துருப்பிடிக்கும், பேரிங் போய்விடும். உள்ளே கொஞ்சம் கியர் ஆயில் ஊற்றச் சொன்னார் இன்னொருவர். இதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். இந்தச் சக்கரத்தின் ஒரு பக்கத்தில் பிரேக் டிரம் இருக்கிறது. எண்ணெய் கசிந்து பிரேக் ஷூவில் பட்டால், 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் பையனின் உயிர் என்ன ஆகும்?

நான் தேர்ந்தெடுத்தது காந்தத் திரவம். ஃபெரோஃப்ளூயிட் என்பார்கள். எண்ணெயில் மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்கள் மிதக்கும் கறுப்புத் திரவம். 1963 இல் நாசாவில் ஸ்டீவ் பாப்பெல் என்பவர், எடையற்ற நிலையில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுப்பதற்காக உருவாக்கியது. பின்னாளில் ஒலிபெருக்கிகளின் காயிலைக் குளிர்விக்க அதைப் பயன்படுத்தினார்கள். ஹப் மோட்டாரில் சில துளிகள் விட்டால் காந்தங்களே அதை இழுத்துக் காற்று இடைவெளியில் பிடித்து வைத்துக்கொள்ளும். வழிந்து போகாது. காற்றைவிட 5, 6 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். ஸ்டேட்டருக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே பாலம் போட்டதுபோல.

மூடி வெளியே இருக்கும்போதே அதில் ஒரு துளை போட்டு, மரை வெட்டி, 5 மில்லிமீட்டர் திருகு போட்டு அடைத்தேன். மோட்டாரைப் பூட்டிய பிறகு துளையிட்டால் பிசிறு உள்ளே விழும். பிறகு ஊசி சிரிஞ்சில் 6 மில்லிலிட்டர் ஏற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றினேன். சுமையில்லாமல் ஓடவிட்டு ஆம்பியரைப் பார்த்தேன், முன்பு 1.1, இப்போது 1.2. இன்னும் 2 மில்லிலிட்டர் விட்டேன், 1.3. மேலும் 4 விட்டதும் 1.7 க்குத் தாவியது. திரவத்தின் பிசுபிசுப்பு சக்கரத்தை இழுக்கிறது. அதிகமாக விட்டது என் அவசரம். மூடியைத் திறந்து துடைத்து, 8 மில்லிலிட்டரோடு மறுபடி பூட்ட அரை நாள் போனது. செய்ய நினைக்கிறவர்கள் துளித்துளியாக விட்டு ஆம்பியரைப் பார்த்துக்கொண்டே போங்கள்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அந்தக் காற்று இடைவெளி காயிலை வேகவைத்தாலும் காந்தத்தைச் சூட்டிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. பாலம் போட்டால் காந்தத்துக்கும் சூடு வரும். ஆகவே அதே பாதை, அதே 30 கிலோ சுமை, அதே காலை 10 மணி என்று வைத்து அளந்தோம். காயில் 137 இலிருந்து 116 க்கு இறங்கியது. வெளிக்கூடு 61 இலிருந்து 70 க்கு ஏறியது. காந்தம் கூட்டைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும் என்று வைத்தாலும் 80 க்குள்தான். எனக்கு இது போதும். அதற்கு மேல் திரவத்தைக் கூட்டியிருந்தால் காந்தத்தைப் பணயம் வைத்ததாகியிருக்கும்.

இந்த ஓட்டத்தில்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. பேட்டரியை மிச்சப்படுத்துவதாக நினைத்து, மலை ஏறும்போதெல்லாம் அவன் சிக்கன மோடில் போட்டு மணிக்கு 15, 17 கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டிருந்தான். மோட்டாருக்கு இது மிகப்பெரிய தண்டனை. ஏற்றத்தில் சக்கரத்துக்குத் தேவைப்படும் முறுக்குவிசையைத் தீர்மானிப்பது எடையும் சரிவும்தான், வேகம் அல்ல. வண்டி, ஆள், சரக்கு எல்லாம் சேர்த்து 190 கிலோ. 8 சதவீதச் சரிவில் மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் காயிலில் ஏறத்தாழ அதே 40 ஆம்பியர். நிமிடத்துக்குப் பிறக்கும் செம்புச்சூடும் அதே. மெதுவாகப் போனால் அந்தச் சரிவில் வேகும் நேரம்தான் கூடுகிறது. அடுத்த நடையில் 25 கிலோமீட்டர் வேகத்தை விடாமல் பிடித்து ஏறச் சொன்னேன். 80 நிமிட ஏற்றம் 53 நிமிடமானது. செங்குத்தான இடங்களைச் சீக்கிரம் கடந்ததாலும், சக்கரம் வேகமாகச் சுழன்று காற்று கூடுதலாகப் பட்டதாலும், காயிலின் உச்சச் சூடு 107 இல் நின்றது.

மோட்டாருக்கு நல்லதாக முடிந்த அந்த வேகம் பேட்டரிக்குக் கெடுதலாக முடிந்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் சீட்டுக்கு அடியில் கையை விட்டவன், "பெட்டி கொதிக்கிறது மாமா" என்றான்.

பேட்டரி விஷயத்தில் நான் கற்றுக்குட்டி. லித்தியம் பேக்கைத் திறப்பது மோட்டாரைத் திறப்பதுபோல் அல்ல. உள்ளே சுவிட்ச் போட்டு அணைக்க முடியாத 60 வோல்ட் எப்போதும் உயிரோடு இருக்கிறது. ஒரு ஸ்பேனர் நழுவி விழுந்தால் போதும். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து சார்ஜர் சொருகிய இடத்தில் யாரும் படுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ஆகவே பேக் கட்டும் தொழிலே செய்யும் நண்பர் ஒருவரின் கடையில், அவர் கையால்தான் திறந்தோம். கையுறை, இன்சுலேஷன் சுற்றிய கருவிகள், பக்கத்தில் மணல் வாளி. நான் அளவெடுத்தேன்.

உள்ளே 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள 192 என்.எம்.சி. வகை லித்தியம் செல்கள். 12 செல்கள் சேர்ந்து ஒரு வரிசை, அப்படி 16 வரிசைகள். சுற்றிலும் அதிர்வு தாங்கக் கனமான ஃபோம். சூட்டைப் பார்க்க, பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். பலகையிலிருந்து ஒரே ஒரு சென்சார் ஒயர், அதுவும் ஓரத்துச் செல்லில் ஒட்டியிருந்தது. கொள்ளளவு 30 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்த பேக்கை முழுக்க இறக்கி அளந்தால் 24 தான் வந்தது. ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தபோது ஓரத்து வரிசைகள் நன்றாகவே இருந்தன. 7, 8, 9 ஆம் வரிசைகளின் உள்தடை மட்டும் ஏறியிருந்தது.

நடுவில் நாலு தெர்மிஸ்டர், ஓரத்தில் நாலு என்று ஒட்டி, பேக்கை மூடி, மறுபடி மலை ஏறினோம். அடிவாரத்தில் எல்லாம் 38 டிகிரி. 25 கிலோமீட்டர் வேகத்தில் மேலே போய்ச் சேர்ந்தபோது ஓரம் 47, நடு 57. பி.எம்.எஸ். பார்த்துக்கொண்டிருந்தது 47 ஐ. நடுவில் நடப்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஆம்பியரின் வர்க்கத்தோடு பேக்கின் தடையைப் பெருக்கினால் சூடு: சராசரி 22 ஆம்பியர், 0.08 ஓம், ஏறத்தாழ 39 வாட். 53 நிமிடத்துக்கு 124 கிலோஜூல். எட்டரை கிலோ எடையுள்ள செல்கள் அதை அப்படியே விழுங்கினால் 15 டிகிரி ஏறும். நாங்கள் அளந்த சராசரி ஏற்றம் 14. பிறந்த சூட்டில் ஏறக்குறைய எதுவுமே வெளியே போகவில்லை. ஃபோம் அதை அவ்வளவு பத்திரமாக உள்ளே வைத்திருந்தது.

மோட்டாரில் பார்த்த அதே குற்றம். வழியில்லை.

செய்தது இதுதான். நண்பர் ஃபோமை எடுத்துவிட்டு, செல் வரிசைகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடுகளைச் செருகினார். தகட்டுக்கும் செல்லுக்கும் நடுவே, மின்சாரத்தைக் கடத்தாமல் சூட்டை மட்டும் கடத்தும் மெத்தென்ற தெர்மல் பேட். தகடுகளின் கீழ் விளிம்பை மடித்து, பெட்டியின் அடியில் நான் வெட்டிக்கொடுத்த 4 மில்லிமீட்டர் அலுமினியத் தட்டோடு இறுக்கினோம். அந்தத் தட்டின் அடிப்பக்கம் வண்டி ஓடும்போது காற்று படுகிற இடம். அதிர்வுக்கு மூலைகளில் மட்டும் சிலிக்கோன் ரப்பர். பி.எம்.எஸ். சென்சாரை ஓரத்திலிருந்து எடுத்து எட்டாம் வரிசையின் நடுச் செல்லுக்கு மாற்றினோம். எல்லாவற்றிலும் மலிவான, எல்லாவற்றையும்விட அவசியமான மாற்றம் அதுதான் என்பது என் கருத்து. மின் வண்டிகளுக்கான இந்தியத் தரவிதியான ஏ.ஐ.எஸ். 156 இல் 2022 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் பேட்டரிப் பாதுகாப்பை இறுக்கின. அதற்கு முன்னால் கட்டிய பேக்கை வைத்திருப்பவர்கள் அதன் சூட்டுச் சென்சார் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு தடவை விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிடுவது நல்லது.

பாரஃபின் மெழுகை நிரப்பலாமா என்றும் யோசித்தோம். ஒரு கிலோ மெழுகு உருகுவதற்குச் சுமார் 200 கிலோஜூல் எடுத்துக்கொள்ளும்; எங்கள் ஒரு நடையின் சூட்டை அரை கிலோவுக்குச் சற்று அதிகமான மெழுகே விழுங்கிவிடும். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மெழுகு எரியும். ஒரு செல் தீப்பிடித்தால் சுற்றிலும் நாமே விறகு அடுக்கிக் கொடுத்ததாகிவிடும். வேண்டாம் என்று விட்டோம். கார்களில் செய்வதுபோல் குழாய் வைத்துத் தண்ணீர்-கிளைகால் கலவையை ஓட்டுவது ஸ்கூட்டர் பெட்டிக்குள் நடக்காத காரியம்.

தகடு போட்ட பிறகு அதே ஏற்றத்தில் ஓரம் 46, நடு 50. அன்று அடிவாரத்தில் வெயில் ஒரு டிகிரி குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடுவுக்கும் ஓரத்துக்கும் இருந்த 10 டிகிரி வித்தியாசம் 4 ஆனதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். எல்லாச் செல்களும் ஒன்றுபோல் மூப்படைந்தால் பேக் நீடிக்கும். நடுவில் இருப்பவை மட்டும் சீக்கிரம் கிழடானால் அவற்றோடு மொத்தப் பேக்கும் போய்விடும்.

கன்ட்ரோலரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தகடுகளில் அப்பியிருந்த மாவுத் தூசியை ஊதித் துடைத்தேன். அதற்கே 6 டிகிரி இறங்கியது.

மிச்சம் இருந்தது சார்ஜ் செய்யும் பழக்கம். இது பொருளை மாற்றிச் சரிசெய்ய முடியாதது, ஆளிடம் பேச வேண்டியது. மலைமேல் போய்ச் சேர்ந்ததும் கடையில் சரக்கை இறக்குவதற்கு முன்பே சார்ஜரைச் சொருகிவிடுவான். திரும்பி வர பேட்டரி வேண்டுமே என்ற கவலை. 6 ஆம்பியர் சார்ஜரால் பேக்குக்குள் பிறக்கும் சூடு 3 வாட்தான். அது பொருட்டே அல்ல. ஆனால் ஏற்கெனவே 57 டிகிரியில் இருக்கும் செல்லைச் சார்ஜ் செய்வது வேறு விஷயம். இந்த வகைச் செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொதுவான வரம்பு. சூட்டில் உள்ளே நடக்கும் வேண்டாத ரசாயன வினைகள் வேகம் பிடிக்கும்; வோல்டேஜ் ஏற ஏற அவை இன்னும் மோசமாகும். ஒன்றரை வருடத்தில் 6 ஆம்பியர்-மணி காணாமல்போனதற்கு இந்தச் சொருகலுக்குப் பெரும் பங்கு உண்டு என்று அவனிடம் சொன்னேன். வாடிய முகத்தோடு, "இதை வாங்கும்போது யாரும் சொல்லவில்லையே மாமா" என்றான். உண்மைதான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. 15 நிமிடம் பேசி விளக்கியிருந்தால் தப்பியிருக்கும் பேட்டரி.

சொல்லிவிட்டு விடாமல் ஒரு காவலும் வைத்தேன். கடைகளில் கிடைக்கும் சிறு தெர்மோஸ்டாட் ரிலே பலகை. அதன் உணரியைப் பேக்கின் நடுவில் வைத்து, ரிலேயைச் சார்ஜருக்குப் போகும் 230 வோல்ட் ஒயரில் இணைத்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்தேன். 38 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை சார்ஜருக்கு மின்சாரமே போகாது. ஏற்காட்டில் காற்று குளிர்ச்சி என்பதால் கடைக்காரரின் மேசை விசிறியைப் பெட்டியின் அடித்தட்டுக்கு நேராக வைத்தால் முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. சேலத்தில் சித்திரை மாத மாலையில் அது நடக்காது. சாயங்காலம் சொருகி வைத்தால் நள்ளிரவு நெருங்கும்போதுதான் ரிலே மின்சாரத்தை விடுகிறது. ஆகவே வண்டி இப்போது வாசலில், ஓட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அதன் பக்கத்தில் யாரும் படுப்பதில்லை.

இறக்கத்துக்கும் ஒரு குறிப்பு. டிரம் பிரேக்கையே அழுத்திக்கொண்டு இறங்கினால் பிரேக்கின் சூடும் அதே கூட்டுக்குள்தான் போகிறது. ஒரு நாள் இறங்கி முடித்தபோது கூடு 78 டிகிரி காட்டியது, ஏற்றத்தைவிட அதிகம். இப்போது மலைமேல் பேட்டரியை முழுக்க நிரப்பாமல் 70 சதவீதத்தில் நிறுத்திவிட்டு, மோட்டாரையே ஜெனரேட்டராக்கி வேகத்தைக் குறைக்கும் ரீஜென் பிரேக்கை வைத்து இறங்குகிறான். கூடு 64 ஐத் தாண்டுவதில்லை. பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தால் ரீஜென் மின்சாரத்துக்கு உள்ளே இடமிருக்காது, கன்ட்ரோலர் அதை நிறுத்திவிடும்; செங்குத்தான இறக்கத்தில் இது நினைவிருக்க வேண்டும்.

மொத்தச் செலவு 4,300 ரூபாய். அதில் பாதி தெர்மல் பேடுக்கும் அலுமினியத்துக்கும். 24 ஆம்பியர்-மணிக்கு இறங்கிவிட்ட பேட்டரி இனி 30 ஆகாது. ஆனால் நாலு மாதம் கழித்து மறுபடி அளந்தபோதும் 24 க்குச் சற்றுக் குறைவாக, 23.8 இல் நிற்கிறது. ஹேண்டில்பார் டிஸ்ப்ளேயில் 115 தெரிந்தால் ஓரம் கட்டச் சொல்லியிருக்கிறேன். இதுவரை ஒரு தடவைதான் கட்டினான், 50 கிலோ சரக்கு ஏற்றிய அன்று. ஐப்பசி மழை முடிந்ததும் மூடியைத் திறந்து, ஸ்டேட்டரில் துரு ஏறியிருக்கிறதா, மூடி ஓரத்தில் பூசிய சிலிக்கோன் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காந்தத் திரவம் அதன் இடத்திலேயே இருக்கிறதா என்பதையும் அப்போது ஆம்பியர் வைத்துச் சோதித்துவிடுவேன்.